இருபது புதன்கிழமைகளும் ஏழு தோல்விகளும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2025 ஜூலை 16, புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனர் பிறெடிக்கு,

உமது அக்காவின் கணவன் ஹியூபேட், ஹெந்தளையில் இருக்கும் உமக்கு எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உமது அக்கா யோசெப்பினும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவளுடைய முழங்கால் வலி படியேறும்போது இருக்கிறது, இறங்கும்போது இல்லை. எனக்கு இரத்த அழுத்தம் மாத்திரையோடு சமாதானமாக இருக்கிறது. உமது சுகத்தையும் பிள்ளைகளின் சுகத்தையும் அறிய ஆவல். தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் ஐந்து வாரமாக நான் எடுத்த அழைப்பு ஒன்றையும் நீர் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றைக் குறியோடு அப்படியே நிற்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கனடாவில் இருக்கும் மகன் ஜெனிஸ்டனிடம் கேட்டேன். “அப்பா, மாமா உங்களை புளொக் பண்ணிட்டார்” என்றான். ஆகவேதான் தபாற்காரனை நம்பி இந்தக் கடிதம். அவனை நீர் புளொக் பண்ண முடியாது என்று நினைக்கிறேன்.

நடந்தது உமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆரம்பத்திலிருந்தே எழுதினால்தான் என்னுடைய பிழை எந்த இடத்தால் உள்ளே வந்தது என்று எனக்கே பிடிபடும். துறைமுகப் பக்கம் மூடப்பட்ட மாலுமிகள் விடுதியிலிருந்து அந்தப் பின்போல் மெஷினைத் தேவாலயப் பங்கு மண்டபத்தின் பின்னறைக்குக் கொண்டுவந்தவர் நீர். முகத்துவாரத்தில் படகு எஞ்சின் திருத்துகிற பீற்றரைப் பிடித்து அதற்கு உயிர் கொடுத்தவரும் நீர். கண்ணாடிக்குக் கீழே இரும்புக் குண்டு ஓட, இரண்டு பக்கமும் பட்டனை அமுக்கி அந்த இரண்டு துடுப்புகளாலும் அதைத் தட்டித் தட்டி மேலே அனுப்ப, விளக்குகள் மின்ன, மணி அடிக்க, புள்ளி இலட்சக்கணக்கில் ஏற, அறுபது கடந்த நான்கு ஆண்கள் புதன்கிழமை பின்னேரங்களில் சிறுபிள்ளைகள் போலக் கத்தினோம் என்றால் அது உம்மால்தான். நாலு பேர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒருவரையொருவர் எதிர்த்து விளையாட வேண்டும் என்ற ஒழுங்கும் உம்முடையது. யோசெப்பின் எங்களுக்குப் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்தால், அந்தச் சுடுநீர்ப் போத்தல் காலியாகும்வரை காத்திருக்கும் நேரத்தில் தனியாக ஒரு ஆட்டம் போடுவாள். இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி இரண்டாம் புதன் நீர் நாற்பத்தொரு இலட்சம் எடுத்தீர். அந்த மெஷின் அதற்கு முன் அப்படியொரு எண்ணைக் காட்டியதில்லை. எல்லோருக்கும் நீர் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தீர், நானும் இரண்டு சாப்பிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். “அத்தான் விளையாடுறதும் அவர் செஞ்ச பிஸ்கட்டும் ஒண்டுதான். நூறு எடுத்தாலும் எல்லாம் ஒரே சைஸ்” என்று நீர் சொன்னீர். பீற்றர் சிரித்தார். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் உமது சிநேகிதர் நவரத்தினம் சிரித்தார். உமது அக்கா பிளேன்டீ சிந்தும்வரை சிரித்தாள். பிறெடி, முப்பத்தொரு வருஷம் பிஸ்கட் தொழிற்சாலையில் நிறை பார்க்கும் பகுதியில் இருந்தவன் நான். அரை மணிக்கு ஒருதரம் பத்துப் பிஸ்கட்டை எடுத்து நிறுத்து, கூடினால் ஒரு குறி, குறைந்தால் ஒரு குறி என்று போட்டே எனக்குத் தலை நரைத்தது. ஒரே சைஸாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தச் சிரித்த ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நீர் கெட்டிக்காரன் இல்லை, அதிர்ஷ்டக்காரன் மட்டும்தான் என்பதை எண்ணால் நிறுவுவது என்று அப்போதே முடிவு செய்தேன். பொறாமை என்ற சொல்லை நான் அன்றைக்குப் பாவிக்கவில்லை. ஆராய்ச்சி என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த புதனிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு ஒவ்வொருவர் புள்ளியையும் எழுதினேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன் மண்டபம் பூட்டு, அதை விட்டால் ஜூன் தொடக்கம்வரை சரியாக இருபது புதன்கிழமை, ஆளுக்கு இருபது ஆட்டம். முதலில் தொழிற்சாலையில் செய்தது போலச் சராசரி பார்த்து, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டேன். மற்றவர்களுக்குச் சரி வந்தது. உமக்குத்தான் வரவில்லை. ஒருநாள் முப்பத்தெட்டு இலட்சம், இன்னொரு நாள் இரண்டரை இலட்சம், அந்த ஒரு பெரிய ஆட்டம் மற்ற எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தொழிற்சாலை வழக்கப்படி சராசரியிலிருந்து விலகலை இரண்டு தடவை கழித்துப் பார்த்தால் உமது புள்ளி பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. அந்த மெஷினில் பூச்சியத்துக்குக் கீழே போக ஒருவராலும் ஏலாது, உம்மாலும் ஏலாது. ஜெனிஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்பா, பின்போல் பிஸ்கட் இல்ல” என்றான் அவன். “இதுக்குச் சராசரி சரிவராது. இருபது புள்ளியையும் சின்னதிலிருந்து பெரிசுவரை வரிசையா எழுதுங்க. அஞ்சாவதையும் பதினைஞ்சாவதையும் எடுங்க. பெரிசைச் சின்னதால பிரியுங்க. ஒண்டுக்குக் கிட்ட வந்தா ஆள் ஒரே சீராய் விளையாடுறார். கூடக் கூட ஆள் ஏறி இறங்குறார்.” பிறகு, “ஏன் இதெல்லாம்?” என்று கேட்டான். “சும்மா” என்றேன். பெற்ற பிள்ளைக்குப் பொய் சொன்னேன், அதையும் இந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளும்.

முடிவு வந்தது. எனக்கு 1.6. நவரத்தினத்துக்கு 1.5. பீற்றருக்கு 2. உமக்கு 8! எட்டு! சந்தோஷத்தில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து இன்னொருதரம் பிரித்துப் பார்த்தேன். எட்டேதான். ஆனால் முதலிடம் எனக்கு வரவில்லை. யோசெப்பினுக்கு 1.1. உமது அக்கா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்குவாள். மூன்று குண்டும் நேரே நடுவால் விழும். நாற்பதாயிரத்துக்குக் கீழேயும் போவதில்லை, நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேலேயும் போவதில்லை. கொழும்பு பதின்மூன்றிலேயே ஒரே சீராகப் பின்போல் விளையாடுகிறவள் அவள்தான் என்று கணக்குச் சொல்கிறது. நான் நேர்மையான மனிதன், அதையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் மண்டபத்து அறிவித்தல் பலகையில், இரத்ததான முகாம் அறிவித்தலுக்குப் பக்கத்தில், பெயரும் எண்ணும் ஒட்டினேன். உமது பெயருக்கு எதிரில் ‘நிலையில்லாதவர்’ என்று சிவப்பில் எழுதியது அளவுக்கு மிஞ்சிய செயல். பூசை முடிந்து வந்த நீர் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். “அக்கா, நீங்கதானே சாம்பியன்!” என்று உரக்கக் கத்தினீர். நாலு பேர் யோசெப்பினுக்குக் கைகொடுத்தார்கள். அவள் என்னோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை. நீர் கோபித்திருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன். நீர் சிரித்தபடியால்தான் திரும்பவும் நோட்டுப்புத்தகத்தைத் திறந்தேன். ஏன் எட்டு, இந்த மனிதன் எந்தெந்த நாளில் விழுகிறான் என்று தேடினேன்.

செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தேன். உமது குறைந்த ஆட்டங்கள் ஏழும் நவரத்தினத்தோடு ஜோடி விழுந்த ஏழு நாட்கள். மற்ற பதின்மூன்று நாளும் என்னையும் பீற்றரையும் ஒரு இரக்கமும் இல்லாமல் அடித்திருக்கிறீர். நவரத்தினம் மூன்று இலட்சத்துப் பன்னீராயிரம் எடுத்த நாளில் நீர் மூன்று இலட்சத்து ஓராயிரம். அவர் இரண்டு இலட்சத்து நாற்பத்தெண்ணாயிரம் என்றால் நீர் இரண்டு இலட்சத்து நாற்பத்தோராயிரம். ஏழு தோல்வியிலும் கூடிய வித்தியாசம் பதினெட்டாயிரம். பிறெடி, எங்கள் தொழிற்சாலையில் ஜெர்மனியிலிருந்து வந்த மெஷின்கூட இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. நோட்டுப்புத்தகத்திலேயே ஒரே சீரான விஷயம் உமது தோல்விதான். அதை நான் கண்டேன். கண்டும் ஏன் என்று யோசிக்கவில்லை. பிஸ்கட் நிறைக்குக் குறி போட்டவன் எப்போது காரணம் யோசித்தான்! நாளைக்கு எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான் எனக்கு இருந்தது.

அடுத்த நாள், அந்தோனியார் திருவிழாவுக்கு முந்தின புதன். சீட்டுக் குலுக்கமுதல் நான் எழும்பி நின்றேன். “பிறெடியின்ட எட்டுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டன்” என்று தொடங்கினேன். பீற்றர் இருமினார். நான் நிற்கவில்லை. “நவரத்தினத்தோட விளையாடின ஏழு நாளும்...” என்றபோது பீற்றர் என் காலை மிதித்தார். “பொறுங்க பீற்றர், முக்கியமான இடம் இதுதான்” என்று சொல்லிவிட்டு ஏழு சோடிப் புள்ளிகளையும் தேதியோடு வாசித்தேன். ஆறாவதை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்டது. நீர் ஒவ்வொரு முறையும் “பெரியவர் முதல்” என்று சொல்லி நவரத்தினத்தை முதலில் விளையாட விடுவது ஞாபகம் வந்தது. அவர் எத்தனை எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் கீழேவரை ஏறி, கடைசிக் குண்டைக் கையைக் கட்டிக்கொண்டு நடுவால் விழவிட்டிருக்கிறீர். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. எடுத்த காரியத்தை முடிக்கும் பழக்கம் எனக்கு. ஏழாவதையும் வாசித்தேன்.

நவரத்தினம் மெஷினில் கை வைத்தபடியே கேட்டார், “அப்ப ஏழு முறையும்?”

மெஷின் மட்டும் ஆள் கூப்பிடுகிற அந்தச் சின்னப் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.

“விளங்குது” என்றார். “நான் வாறன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவருக்கு ஒரு பஸ்ஸுக்கும் நேரமாகவில்லை. நீர் அவர் பின்னால் வாசல்வரை போய் வெறுங்கையோடு திரும்பி வந்தீர். அப்போது உமது முகத்தைப் பார்த்தேன், நாற்பது வருஷத்தில் பார்க்காத முகம். “அத்தான், ஒரு மனுஷனை எண்ணாமல் பார்க்க உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டீர். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “கணக்குச் சரிதானே?” என்றேன்.

பிறகுதான் மற்றதெல்லாம் தெரியவந்தது, அதுவும் யோசெப்பின் சொல்லி. வெள்ளவத்தை மாடிவீட்டில் நவரத்தினத்தின் மனைவி நேசமலர் காலமான பிறகு அந்த மனிதன் எட்டு மாதம் வெளியே இறங்கவில்லையாம். அவரோடு சுங்கத்தில் வேலை செய்த பழக்கத்தில் நீர் போய் இழுத்து வந்தீராம். முதல் புதனன்று தற்செயலாக அவர் உம்மை வென்றுவிட்டாராம். வீட்டுக்குப் போய் இலண்டனில் இருக்கும் மகள் சுபோதினிக்கு எடுத்து, “பிள்ளை, இண்டைக்கு நான் வென்றனான்” என்றாராம். அந்தப் பிள்ளை உமக்கு எடுத்து அழுதிருக்கிறாள், தகப்பன் சிரித்து எட்டு மாதம் என்று. அதற்குப் பிறகு நீர் அவரிடம் வெல்லவே இல்லை. இதற்கு என் நோட்டுப்புத்தகத்தில் ஒரு நிரல் கிடையாது. தேதி, பெயர், புள்ளி, மூன்றே நிரல்தான் கீறியிருந்தேன்.

பிழையைத் திருத்தப் போனேன், பிறெடி. அதுவும் என் பாணியிலேயே போனேன். இடது பக்கத் துடுப்பு இளகிப்போயிருந்தபடியால்தான் நீர் தோற்றீர் என்று புதிதாக ஒரு அட்டவணை தயாரித்தேன். பீற்றர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று முகத்துவாரத்துக்குப் போய்க் கேட்டேன். “என்ட வேலையில குறை எண்டு நானே எழுதித் தாறதா? போங்க ஹியூபேட்” என்று ஸ்பனரைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்து இல்லாமலே பட்டர் கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். காவற்காரன் சிங்களத்தில் “யாரிடம்?” என்று கேட்டான். மூன்றாம் மாடி நவரத்தினம் மாத்தயா என்று அவன் பாஷையிலேயே ஐயா போட்டுச் சொன்னேன். மேலே தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டு என்னை இருபது நிமிஷம் கதிரையில் இருத்தினான். அவர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். அட்டவணையை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். சுங்கத்தில் முப்பது வருஷம் மற்றவர்களின் பட்டியலில் பொய் தேடிய மனிதன் என்பதை நான் மறந்தே போனேன்.

“இடது துடுப்புப் பழுதெண்டால்,” என்று மெதுவாகக் கேட்டார், “உங்களோட விளையாடேக்க மட்டும் பிறெடிக்கு அது எப்படி வேலை செய்தது?”

கேக்கை நீட்டினேன். “சீனி வருத்தம், நான் தொடுறேல்லை” என்றார். “நீங்கள் கெட்ட ஆள் இல்லை ஹியூபேட். ஆனால் அண்டைக்கு நீங்கள் வாசிச்சது என்ர காதுக்குள்ள இருந்து போகுதில்லை.” அவ்வளவுதான். பஸ்கள் இரைகிற காலி வீதியில் வெயிலில் நின்று கேக்கில் பாதியை நானே சாப்பிட்டேன். சோகத்தில் சாப்பிட்டால் கணக்கில்லை என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் வயிறு கணக்குக் காட்டியது.

இப்போது புதன்கிழமைகளில் நான் மட்டும் போகிறேன். யோசெப்பின் வருவதில்லை, பிளேன்டீயும் இல்லை. பீற்றர் ஒருநாள் வந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு ஒரு ஆட்டமும் போடாமல் போனார். நான் தனியே நின்று விளையாடுகிறேன். போன நாலு புதனும் ஆறு இலட்சம், ஆறு இலட்சத்துப் பத்தாயிரம், ஆறு இலட்சம், ஐந்து இலட்சத்துத் தொண்ணூறாயிரம். அற்புதமான சீர். என் வாழ்க்கையில் இப்படி விளையாடியதில்லை. நாலாவது நாள் புள்ளி விழுந்தவுடன் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நாலு பிளாஸ்ரிக் கதிரை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

நீர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், தெரியாது. அறுபத்தெட்டு வயதுவரை தெரியாமல் இருந்துவிட்டேன். உமது தயவை நிறுத்துப் பார்த்து அதைக் குறை என்று சிவப்பில் எழுதியவன் நான். இரண்டு சிநேகிதர்களைப் பிரித்தவனும் நான். எனக்காக வேண்டாம், நவரத்தினத்துக்காகவாவது அவரைப் போய்ப் பாரும். என் கண்ணில் பட விருப்பமில்லை என்றால் புதன்கிழமைகளில் நான் மண்டபப் பக்கமே வரமாட்டேன். அவரைத் திரும்பக் கூட்டி வாரும். அந்த மனிதன் மறுபடியும் வீட்டுக்குள் போய் இருந்துவிட்டால் அது என் தலையில்தான் விழும், அதை நினைத்து நான் படுகிற பாடு பங்குத்தந்தைக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “பின்போலா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற அந்தோனியார் உம்மையும் உமது வீட்டாரையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அக்காவும் சுகம் விசாரிக்கச் சொன்னாள் என்று எழுதுகிறேன், அவளைக் கேட்கவில்லை, கேட்டால் சொல்லியிருப்பாள்.

மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்
உமது அத்தான்,
ஹியூபேட்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி யோசெப்பினிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நீரும் நவரத்தினமும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு விளையாட்டுக் கடையில் ஒரு மாதமாகப் புதன்கிழமை தவறாமல் பின்போல் விளையாடுகிறீர்களாமே! நீர் அவளுக்கு ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்துச் சொல்கிறீராமே! அதைவிட, நீர் வேண்டுமென்று தோற்பது நவரத்தினத்துக்கு முதல் மாதத்திலிருந்தே தெரியுமாம். “தோக்கிறதில பிறெடிக்கு அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுப்பானேன் எண்டு பேசாமல் வென்று கொண்டிருந்தனான்” என்றாராம். அன்றைக்கு அவர் எழும்பிப் போனது, எல்லோருக்கும் தெரிந்த பிறகு தெரியாத மாதிரி நிற்க ஏலாமல் போனபடியாலாம். அவர் காதுக்குள் இருந்து போகாததும் அதுதானாம். “இதை ஏன் முதலே சொல்லேல்ல?” என்று கேட்டேன். “ஒரு மாசமாவது நீங்க வருத்தப்படுங்க எண்டு விட்டனான்” என்கிறாள் உமது அக்கா. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் வாசிக்காத மாதிரி விட்டுவிடும். நீர் அவரைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை, நான்தான் யாரையாவது போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கடையில் மூன்றாவது ஆள் நிற்க இடம் உண்டா? என்னை வெல்ல விடத் தேவையில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒரு வரி எழுதும்.